ஏலகிரி, ஜவளகிரி காடுகளின் வேட்டைக்காரர்: யார் இந்த கென்னத் ஆண்டர்சன்? எவ்வளவு தூரத்தில் இருந்து சுடலாம் என்பது ஏன் பெரிய கேள்வி?

2024 ஜூன் மாதம். திருப்பத்தூர் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் பக்கத்தில் இருக்கும் ஒரு பள்ளி வளாகத்துக்குள் சிறுத்தை புகுந்துவிட்டது. ஒருவருக்கு காயம். அப்புறம் அது பக்கத்தில் இருந்த கார் நிறுத்தும் இடத்துக்குள் பாய, அங்கே இருந்தவர்கள் கார்களுக்குள்ளேயே கதவை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். டிவியில் லைவ் பார்த்தவர்களுக்கு அந்த ராத்திரி மறந்திருக்காது. கடைசியில் வனத்துறையினர் மயக்க ஊசி செலுத்தி அதைப் பிடித்தார்கள்.

அந்த நேரத்தில் பலர் கேட்ட கேள்வி இதுதான்: இவ்வளவு பேர் துப்பாக்கியோடு நிற்கிறார்களே, தூரத்தில் இருந்தே ஊசியைப் போட்டுவிட வேண்டியதுதானே? ஏன் மணிக்கணக்கில் காத்திருக்கிறார்கள்?

மயக்க ஊசித் துப்பாக்கி தூரத்துக்கு ஆகாது. பொதுவாக 50 மீட்டருக்குள் போனால்தான் நம்பி அடிக்க முடியும். தப்பான இடத்தில் பட்டால் மிருகம் மயங்காது, மிரண்டு ஓடும். மிரண்டு ஓடும் சிறுத்தை அடுத்து யார் மேல் பாயும் என்று யாருக்கும் தெரியாது.

இந்த தூரக் கணக்கு இன்றைக்கு வந்த விஷயம் இல்லை. இதே ஏலகிரி, ஓசூர், பென்னாகரம், திருப்பதி காடுகளில் எண்பது வருஷத்துக்கு முன்னாலேயே ஒருவர் இதை உயிரைப் பணயம் வைத்துப் பார்த்திருக்கிறார். ராத்திரி ராத்திரியாக மரத்தின் மேல் பரண் கட்டி உட்கார்ந்து, ஆட்கொல்லிப் புலிகளையும் சிறுத்தைகளையும் சுட்டவர். பெயர் கென்னத் ஆண்டர்சன்.

பெங்களூரு ஆள், ஆனால் காடெல்லாம் நம் பக்கம்

1910 மார்ச் 8-ம் தேதி, செகந்திராபாத் பக்கத்தில் இருக்கும் பொலாரம் என்ற ராணுவ முகாம் ஊரில் பிறந்தார் ஆண்டர்சன். ஸ்காட்லாந்து வம்சாவளி. ஆனால் குடும்பம் பல தலைமுறைக்கு முன்பே இந்தியாவில் வேரூன்றிவிட்டது. அப்பா டக்ளஸ் ஸ்டூவர்ட் ஆண்டர்சன் ராணுவத்தினருக்கு சம்பளக் கணக்கு பார்க்கும் அலுவலகத்தில் அதிகாரி. படிப்பு பெங்களூருவில்: பிஷப் காட்டன் பள்ளி, அப்புறம் செயின்ட் ஜோசப் கல்லூரி.

சட்டம் படிக்கட்டும் என்று எடின்பரோவுக்கு அனுப்பினார்கள். போன மனிதர் படிப்பை பாதியில் விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பிவிட்டார். காரணம் காடு என்றுதான் அவரைப் படித்தவர்கள் நினைப்பார்கள், அதில் தப்பில்லை. திரும்பி வந்து தபால் தந்தித் துறையில் சுமார் 15 வருஷம் வேலை. பிறகு பெங்களூரு விமானத் தொழிற்சாலையில் திட்டமிடல் பிரிவு மேலாளர். அதாவது வாரம் முழுக்க ஆபீஸ், லீவு கிடைத்தால் ஸ்டூட்பேக்கர் காரை எடுத்துக்கொண்டு காடு. ராஜாவும் இல்லை, ஜமீனும் இல்லை, கலெக்டரும் இல்லை. சம்பளக்காரர்.

மனைவி பிளாசம் இலங்கையில் இருந்து வந்தவர். ஜூன் என்று ஒரு மகள், டொனால்டு என்று ஒரு மகன். மகனும் பின்னாளில் பெயர் பெற்ற வேட்டைக்காரர். அவர் 2014-ல் காலமானார்.

ஆண்டர்சனுக்கு கன்னடமும் தமிழும் சரளம். இதை சாதாரணமாகக் கடந்துபோய்விட முடியாது. அந்தக் காலத்து வெள்ளைக்கார வேட்டைக்காரர்கள் பலர் பட்லர், சமையல்காரர், மொழிபெயர்ப்பாளர் எல்லாரையும் வரிசையாகக் கூட்டிக்கொண்டு போய் கேம்ப் அடிப்பார்கள். இவர் டீக்கடையில், மாட்டுப்பட்டியில், காட்டோர குடிசையில் உட்கார்ந்து நேரடியாகப் பேசினார். பென்னாகரம் பக்கத்தில் சின்னாறு ஆற்றங்கரையில் வாழ்ந்த பைரா என்ற பழங்குடி பூசாரிதான் அவருக்கு காட்டுப் பாடம் சொல்லிக்கொடுத்த முக்கியமான ஆள். பைராவைப் பற்றி தன் முதல் புத்தகத்திலேயே ஒரு தனி அத்தியாயம் எழுதினார். அந்தப் புத்தகம் 1954-ல் வந்தது. ஒன்பது ஆட்கொல்லிகள், ஒரு மத யானை என்பது தலைப்பின் பொருள்.

அவருடைய கதைகளின் வரைபடத்தை விரித்தால் வேலூர்க்காரர்களுக்கு பாதி ஊர் தெரிந்த ஊராக இருக்கும். ஜோலார்பேட்டை ரயில் சந்திப்பின் தலைக்கு மேலே நிற்கும் ஏலகிரி மலை. அங்கே திரிந்த ஒரு ஆட்கொல்லி சிறுத்தையைப் பற்றி தனிக்கதையே இருக்கிறது. தேன்கனிக்கோட்டை பக்கம் ஜவளகிரி, கும்மளாபுரம், சிவனப்பள்ளி. வடக்கே திருப்பதி காடுகளில் மாமண்டூர், சாமலா பள்ளத்தாக்கு. இன்றைக்கு பைக்கில் ஒரு நாளில் போய் வந்துவிடலாம். அன்றைக்கு ஏலகிரி, ஆம்பூர் எல்லாம் வட ஆற்காடு மாவட்டம், ஓசூர் பக்கமெல்லாம் சேலம் மாவட்டம். காடு மட்டும் எல்லை பார்க்காமல் நீண்டு கிடந்தது.

1939-ல் இருந்து 1966 வரை 8 ஆட்கொல்லி சிறுத்தைகளையும் 7 ஆட்கொல்லி புலிகளையும் அவர் சுட்டதாக அரசுப் பதிவுகளைக் காட்டிச் சொல்லப்படுகிறது.

கையில் இருந்த துப்பாக்கி

ஆண்டர்சனின் துணை .405 வின்செஸ்டர், 1895 மாடல். அமெரிக்க முன்னாள் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் 1909-ல் ஆப்பிரிக்காவுக்கு வேட்டைக்குப் போனபோது எடுத்துப் போனதும் இதே மாடல்தான். கைப்பிடிக்குக் கீழே இருக்கும் லீவரை கீழே தள்ளி மேலே இழுத்தால் அடுத்த தோட்டா ஏறிவிடும். வேகமாக அடுத்தடுத்து சுடலாம்.

தோட்டா கனமானது. கிட்டத்தட்ட 19 கிராம். கிட்டத்தில் பட்டால் பெரிய மிருகமும் விழும். ஆனால் மொக்கை மூக்குத் தோட்டா என்பதால் காற்றில் சீக்கிரம் வேகம் இழக்கும், கீழே இறங்கிவிடும். தூரத்துக்கு செய்த துப்பாக்கி இல்லை இது.

இதில் கொஞ்சம் கணக்கு பார்க்கலாம், கஷ்டமில்லை. குழலை விட்டுக் கிளம்பும்போது அந்தத் தோட்டாவின் வேகம் நொடிக்கு சுமார் 670 மீட்டர். 300 கஜம் தள்ளி நிற்கும் மிருகத்தைப் போய்ச் சேர, வேகம் குறைந்துகொண்டே போவதால், அரை நொடி அல்லது அதற்குக் கொஞ்சம் மேலே ஆகும். அரை நொடி தானே என்று தோன்றும். ஆனா சாதாரணமாக நடந்து போகும் ஒரு சிறுத்தை அந்த அரை நொடியில் இரண்டடிக்கு மேல் நகர்ந்துவிடும். அதன் நெஞ்சில், தோட்டா பட்டதும் விழக்கூடிய இடம் ஒரு விரித்த கை அளவுதான். அதைக் குறிவைத்தால் வயிற்றில் போய்ப் படும். வயிற்றில் பட்ட மிருகம் உடனே சாகாது. ஓடும். மணிக்கணக்கில், சில நேரம் நாள் கணக்கில் கிடந்து வேதனைப்படும். பிழைத்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம்.

கண் கூர்மையா, கை நடுங்காதா என்பது இங்கே இரண்டாவது விஷயம். எவ்வளவு கெட்டிக்கார ஆளாக இருந்தாலும், விரல் அழுத்திய பிறகு மிருகம் நகர்வதை அவரால் தடுக்க முடியாது. தூரம் கூடக் கூட, முடிவு சுடுபவர் கையை விட்டுப் போய்விடுகிறது.

ஆண்டர்சன் கதைகளில் ஆட்கொல்லிகள் பெரும்பாலும் கல்லெறி தூரத்துக்குள்தான் விழும். மரத்தில் பரண். கீழே, ஆட்கொல்லி அடித்துப் போட்ட இரை அல்லது கட்டிப் போட்ட எருமைக் கன்று. துப்பாக்கிக் குழலோடு சேர்த்துக் கட்டிய டார்ச் லைட். மிருகம் இரைக்கு வந்து நிற்கும்வரை காத்திருப்பார். கொசு கடிக்கும், கால் மரத்துப்போகும், இருமல் வரும், ஆனால் அசையக் கூடாது. பல ராத்திரிகள் ஒன்றும் வராமலே விடியும். அவர் கதைகளில் பாதி இந்தக் காத்திருப்புதான். சுடுவது கடைசி இரண்டு பத்தி.

தப்பிப் போன ஒரு குண்டு, அதற்கு விலை கொடுத்த ஊர்கள்

இதை வெறும் வேட்டைக்காரர்களின் கௌரவப் பிரச்சினை என்று நினைத்தால் தப்பு. ஜவளகிரி புலியின் கதையைப் பாருங்க. இணையைப் பறிகொடுத்த ஒரு பெண்புலி. அது ஒரு வேட்டைக்காரரின் குண்டு பட்டு, சாகாமல் காட்டுக்குள் மறைந்துவிடுகிறது. கொஞ்ச காலம் சத்தமே இல்லை. பிறகு சுற்றுவட்டார கிராமங்களில் மனிதர்கள் ஒவ்வொருவராக சாக ஆரம்பிக்கிறார்கள். கடைசியில் ஆண்டர்சன் போக வேண்டியதாகிறது.

சுட்டவர் ஊருக்குத் திரும்பிவிட்டார். செத்தவர்கள் காட்டோரத்தில் வாழ்ந்தவர்கள். விறகுக்கும் மாட்டுக்கும் காட்டுக்குள் போகாமல் அவர்களுக்கு வேறு பிழைப்பு கிடையாது. ஆண்டர்சன் இதைத் திரும்பத் திரும்ப எழுதுகிறார். புலி பிறக்கும்போதே ஆட்கொல்லி இல்லை, வயசானதாலோ காயத்தாலோ மான், பன்றியைத் துரத்த முடியாமல் போகும்போதுதான் மனிதனிடம் வருகிறது என்பது அவர் பார்வை. அந்தக் காயத்துக்கு பல நேரம் காரணம் பாதியில் விட்டுவிட்டுப் போன ஒரு வேட்டைக்காரர்.

வடக்கே ஜிம் கார்பெட் கண்டதும் இதுதான். குமாவுன் மலையில் 436 பேரைக் கொன்றதாகப் பதிவான சம்பாவத் பெண்புலியை அவர் 1907-ல் சுட்டார். வாயைத் திறந்து பார்த்தால் வலது பக்கத்தில் மேலும் கீழும் கோரைப்பற்கள் உடைந்திருந்தன. பழைய துப்பாக்கிக் காயம். யாரோ, எப்போதோ சுட்டு, தப்பவிட்டது.

அதனால்தான் வேட்டைக்காரர்கள் மத்தியில் எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. காயப்படுத்தினால் பின்தொடர்ந்து போய் முடிக்க வேண்டும். எவ்வளவு பயமாக இருந்தாலும் சரி. காயம்பட்ட சிறுத்தை புதருக்குள் படுத்திருக்கும்போது ரத்தத் தடம் பார்த்து நடந்து போவதுதான் இந்தத் தொழிலிலேயே ஆபத்தான வேலை. தூரத்தில் இருந்து சுடுபவருக்கு இதிலும் ஒரு சிக்கல் உண்டு. மிருகம் நின்ற இடத்துக்குப் போய்ச் சேரவே நேரமாகும். எந்தப் புதர், எந்தப் பாறை என்று தெரியாது. பட்டதா படவில்லையா என்றே சில நேரம் தெரியாது. பட்டிருக்காது என்று மனசைத் தேற்றிக்கொண்டு திரும்பிவிடுவது ரொம்ப சுலபம்.

ஆம்பூர், வாணியம்பாடி தோல் ஷாப்பில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு ஓட்டையின் விலை நன்றாகத் தெரியும். உரிக்கும்போது கத்தி தவறி ஒரு கீறல் விழுந்தால் தோலின் கிரேடே இறங்கிவிடும். இந்த ஊர்கள் பதப்படுத்தியது ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலும்தான். அந்தக் காலத்தில் அதற்கு ஆவாரம்பட்டை. புலித்தோல், சிறுத்தைத்தோல் என்றால் வேட்டைக்காரர்கள் மைசூரில் இருந்த வான் இங்கன் நிறுவனத்துக்கு அனுப்புவார்கள். அங்கேதான் தலையோடு பாடம் செய்து, கண்ணாடிக் கண் வைத்து, சுவரில் மாட்டத் தோதாகத் திருப்பி அனுப்புவார்கள். அந்தத் தோலில் எத்தனை ஓட்டை, எந்தப் பக்கத்தில் என்று பார்த்தாலே சுட்டவரின் யோக்கியதை தெரிந்துவிடும்.

அவர் மட்டும் சுத்தமா?

இல்லை. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஆண்டர்சன் குண்டு பட்டும் சாகாமல் ஓடிய மிருகங்கள் அவர் கதைகளிலேயே இருக்கின்றன. அவற்றை மறைக்காமல் எழுதியிருக்கிறார், பின்தொடர்ந்து போனதையும் எழுதியிருக்கிறார். 42 பேரைக் கொன்றதாக அவர் கணக்கு சொல்லும் கும்மளாபுரம் சிறுத்தையை வேட்டையாடியபோது அவரே உயிர் தப்பியது பெரிய விஷயம். அங்கே அவருக்கு உதவியது ஊரில் திரிந்த ஒரு தெருநாய். மோப்பம் பிடித்து முன்கூட்டியே எச்சரித்த அந்த நாயை பெங்களூருவுக்கு வீட்டுக்கே கொண்டுபோய், நிப்பர் என்று பெயர் வைத்து வளர்த்தார்.

அப்புறம் அந்த எருமைக் கன்று. புலியை கிட்டத்தில் வரவழைக்க ஒரு உயிரை மரத்தில் கட்டிப் போடுகிறோம். ராத்திரி முழுக்க அது பயத்தில் கத்துகிறது. புலிக்கு வேதனை இல்லாத சாவு வேண்டும் என்று கணக்கு போடும் நியாயம் கன்றுக்கு மட்டும் பொருந்தாதா? ஆட்கொல்லி அடித்துப்போகும் அடுத்த மனிதரை நினைத்துத்தான் அன்றைக்கு அதை ஏற்றுக்கொண்டார்கள். அந்த நிலைமையில் வேறு வழி இருந்ததாகவும் தெரியவில்லை. ஆனாலும் அவர் கதைகளை இன்றைக்குப் படிக்கும் ஒருவருக்கு அந்த இடம் தொண்டையில் சிக்கத்தான் செய்யும்.

இன்னொரு நெருடலும் உண்டு. பரணில் உட்கார்ந்து டார்ச் அடித்து சுடுவதும் ஒருவகையில் மிருகத்தை ஏமாற்றுவதுதானே? பொழுதுபோக்கு வேட்டையில் அது கேவலம், ஆட்கொல்லி என்றால் பரவாயில்லை என்பதுதான் அந்தக் காலத்து கணக்கு. ஆட்கொல்லி என்று அறிவிக்கப்பட்ட மிருகத்தோடு யாரும் சமபலம் காட்டிப் போட்டி போட வேண்டியதில்லை. மனித உயிரைக் காப்பாற்ற வேண்டும், அவ்ளோதான். ஆனால் அப்போதும் தப்பவிடக் கூடாது, தப்பான மிருகத்தை சுட்டுவிடக் கூடாது. இந்த இரண்டுக்கும் கிட்டத்தில் போவதைத் தவிர வழியில்லை. 300 கஜம் தள்ளி இருட்டில் தெரியும் ஒரு சிறுத்தை, ஊரைக் கொன்ற அதே சிறுத்தைதானா என்று யார் சொல்ல முடியும்?

கார் விளக்கும் பூச்சிமருந்தும்

ஆண்டர்சனுக்கு உண்மையில் கோபம் வந்தது வேறு ஒரு கூட்டத்தின் மேல். ராத்திரியில் காரிலும் ஜீப்பிலும் காட்டு ரோட்டில் போய், பவர்ஃபுல் லைட்டை அடித்து, கண் பளபளத்த திசையில் எல்லாம் சுடுபவர்கள். எது மான், எது மாடு, எது குட்டியோடு இருக்கும் தாய் என்று பார்ப்பதில்லை. காயம்பட்டு ஓடினால் இறங்கித் தேடுவதும் இல்லை. இவர்களைப் பற்றி எழுதும்போது அவர் எழுத்தில் பொறுமை இருக்காது. கூடவே, மாடு அடித்த புலியையும் சிறுத்தையையும் கொல்ல மாட்டின் உடம்பில் ஃபாலிடால் தெளிக்கும் பழக்கம் பரவியதையும் வருத்தத்தோடு பதிவு செய்தார்.

சட்டம் இல்லாமல் இல்லை. சென்னை மாகாணத்தில் 1873-லேயே காட்டு யானைகளைப் பாதுகாக்க சட்டம் வந்துவிட்டது. நீலகிரியில் 1879-ல் தனிச் சட்டம் போட்டு, வேட்டைக்கு மூடிய காலம் என்று சில மாதங்களை ஒதுக்கினார்கள். ஆனால் அவை எப்போது சுடலாம், எதைச் சுடலாம் என்றுதான் பேசின. எவ்வளவு தூரத்தில் இருந்து சுடலாம் என்பது சுடுபவரின் மனசாட்சிக்கு விடப்பட்டது.

இன்றைக்கும் வேட்டை சட்டப்படி நடக்கும் நாடுகளில் இதுதான் சூடான விவாதம். இப்போதைய துப்பாக்கியும் டெலஸ்கோப்பும் லேசர் தூரமானியும் சேர்ந்தால் 1,000 மீட்டரில் நிற்கும் மானைச் சுடலாம். தோட்டா போய்ச் சேர ஒரு நொடிக்கு மேல் ஆகும். அதற்குள் மான் ஒரு அடி எடுத்து வைக்காது என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. ரூஸ்வெல்ட் 1887-ல் தொடங்கிய பூன் அண்ட் கிராக்கெட் கிளப், வேட்டைக்காரர்களின் அமைப்புதான், அதுவே கருவியின் திறமையைச் சோதிக்க தூரத்தில் இருந்து உயிரைச் சுடுவது முறையான வேட்டை ஆகாது என்ற நிலைப்பாட்டை எடுத்திருக்கிறது. தப்பிக்க ஒரு வாய்ப்பு மிருகத்துக்கு இருக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். கிட்டத்தில் போனால் மோப்பத்தால், காதால் மிருகம் நம்மைக் கண்டுபிடித்துவிடலாம். 1,000 மீட்டரில் அதற்கு வாய்ப்பே இல்லை.

இந்தியாவில் இந்த விவாதத்துக்கு 1972-ல் முற்றுப்புள்ளி வைத்தாகிவிட்டது. வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1973-ல் புலிகள் பாதுகாப்புத் திட்டம். இன்றைக்கு புலியோ சிறுத்தையோ மனித உயிருக்கு ஆபத்தாக மாறினால், மாநிலத்தின் தலைமை வன உயிரினக் காப்பாளர்தான் எழுத்துப்பூர்வமாக முடிவு எடுக்க முடியும். அதுவும் பிடிக்க வழியே இல்லை என்றால்தான் சுட அனுமதி.

2021-ல் கூடலூர், மசினகுடி பக்கம் திரிந்த டி23 புலியின் விவகாரம் அப்படித்தான் போனது. சுட உத்தரவு வந்தது, வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது, உடனே கொன்றுவிட வேண்டாம் என்றது நீதிமன்றம். கும்கி யானை, மோப்ப நாய், டிரோன், கேமரா என்று மூன்று வாரம் தேடி, அக்டோபர் 15-ம் தேதி மயக்க ஊசியில் உயிரோடு பிடித்தார்கள். அங்கேயும் தாமதத்துக்கு ஒரு முக்கியக் காரணம் தூரம்தான். ஊசி போடும் தூரத்துக்குள் புலி வர வேண்டும்.

ஜவ்வாது மலைப் பக்கம் இன்னும் நாட்டுத்துப்பாக்கிகள் சிக்குகின்றன. அவற்றை ஒப்படைக்கச் சொல்லி போலீஸ் அவ்வப்போது அறிவிப்பு கொடுக்கிறது. பால்ரஸ் போட்டு அடைத்த அந்தத் துப்பாக்கியில் பத்து இருபது அடி தள்ளிப் போனாலே குறி சிதறும். காட்டுப்பன்றிக்கு வைக்கும் அவுட்டுக்காயோ இன்னும் கொடுமை. அதில் சுடுபவரே கிடையாது. யார் கடிக்கிறதோ அதற்கு வாய் கிழியும். யானைக்குட்டிகூட அதில் பட்டினி கிடந்து செத்திருக்கிறது.

கடைசி வருஷங்கள்

வயசான பிறகு ஆண்டர்சன் துப்பாக்கியை வைத்துவிட்டு அதிகமாக கேமராவைத் தூக்கினார். காடு குறைவதையும், தான் சின்ன வயசில் பார்த்த மிருகங்கள் காணாமல் போவதையும் எழுதினார். கேமராவுக்கும் கிட்டத்தில் போகத்தான் வேண்டும். ஆனால் தவறினால் யாரும் சாகப் போவதில்லை.

புற்றுநோய் வந்தது. 1974 ஆகஸ்ட் 30-ம் தேதி பெங்களூருவில் காலமானார். அப்போது வயது 64. வனவிலங்கு சட்டம் வந்து இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. அவர் எழுதி வைத்திருந்த கடைசிப் புத்தகம் 1976-ல், அவர் போன பிறகு, வெளியானது. பழைய காடுகளைப் பற்றிய நினைவுகள் அது.